மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தபோது

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் நான் ஃபிட்டர். மணியம் பிக்கப் டிரைவர். ஓடியோடி ஒரு நாள் அந்த பிக்கப்பின் மீட்டரில் ஐந்து ஒன்பதுகளும் புரண்டு ஐந்து பூஜ்யங்களாகிவிட்டன. அதற்கு மேல் காட்ட மீட்டரில் இடமில்லை.

எங்கள் துரை, தோட்டத்து மேனேஜர், ஈப்போ ஊர்த் தமிழர். மீட்டரைப் பார்த்துவிட்டு, "கெழடாயிருச்சு மணியம். நாளைக்கு நானும் வர்றேன். தானா ராத்தா டவுனுக்குப் போற மேடு ஏறலைன்னா வித்துரலாம்" என்றார். வண்டி போனால் மணியம் மறுபடி புல்லுவெட்டுக்குப் போக வேண்டும். அவனுக்கு முழங்கால் வேறு சரியில்லை. பாவம், முகம் சுண்டிப்போயிற்று.

நான் விடுவேனா? எஞ்சின் ஆயில் மாற்றினேன். ரேடியேட்டரை அலசினேன். ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். பிரேக் ஷூவைக் கழற்றித் துடைத்தேன். என் வேலையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

மறுநாள் காலை மணியம் வண்டியை நேராகக் கோயிலிலிருந்து ஓட்டி வந்தான். சந்தனம், குங்குமம், முன்பக்கக் கிரில்லை மறைத்து மூன்று சுற்று செவ்வந்தி மாலை.

"மீட்டர் பூஜ்யம்லா அண்ணே! புது வண்டி மாதிரிதானே? பூசை போடாம எடுக்கலாமா?"

மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து கிளம்பினோம். பாதி மேட்டில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. துரை கதவைத் திறந்து இறங்கினார். மணியம் ஸ்டியரிங்கை விடவே இல்லை. "முடிஞ்சிருச்சு அண்ணே" என்றான்.

நேற்று அலசிய ரேடியேட்டர் எப்படிக் கொதிக்கும்? முன்னால் போய் நின்றதும் தலையில் அடித்துக்கொண்டேன். காற்று புக ஒரு விரல் இடம் இல்லை.

"டேய், சாமிக்குப் போட்ட மாதிரி போட்டியே, எஞ்சின் மூச்சு விட வேணாமா?"

மாலையைக் கழற்றிவிட்டேன். வைப்பது எங்கே? பின்னால் பிசுக்கேறிய டீசல் டிரம்கள். சாமி மாலையைத் தரையில் போட மணியம் சம்மதிக்கவில்லை. கடைசியில் துரையே கையை நீட்டினார். "கொண்டா இப்படி."

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினேன். மீதி மேட்டை வண்டி முனகாமல் ஏறியது.

தானா ராத்தாவில் துரையின் மடி நிறைய மாலையைப் பார்த்த சாப்பாட்டுக் கடை பாய், "என்னா துரை, கல்யாணமா? சொல்லவே இல்ல!" என்றார்.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மணியம், வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். மாலைய மட்டும் இனிமே பின்னாடி கட்டு."

தம்பிகளே, பழைய வண்டி மக்கர் செய்தால் உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். முதலில் அதன் முன்னால் போய் நின்று முகத்தைப் பாருங்கள். நான் அன்று மணியத்தின் முகத்தையும் பார்த்தேன். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.