வாடகை உதவியும் சீனி டப்பாவும்

துபாய்க்குள் வீடு எடுத்தால் வாடகையில் ஒரு பங்கைக் கம்பெனி கொடுக்கும். ஷார்ஜாவில் எடுத்தால் ஒன்றும் கிடையாது. வீட்டில் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்தால் உதவி ரத்து. தொண்ணூறுகளில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியின் சட்டம் இது. எழுதியவர் நல்லவராகத்தான் இருப்பார். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவராக இருக்க மாட்டார். கம்பெனியின் பங்கு போக மீதியைக் கட்டவே எங்களுக்கு மூச்சு முட்டியது. அதனால் ஷார்ஜாவில் ஆசையாகப் பார்த்து வைத்திருந்த பால்கனி வீட்டை மறந்துவிட்டு, பர் துபாயில் ஒற்றைப் படுக்கையறை வீடு பிடித்து, ஹாலில் இன்னொரு குடும்பத்தைக் குடிவைத்தோம்.

அவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். கணவருக்கு மீனா பஜாரில் துணிக்கடை வேலை. மனைவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; லாத்தா என்று கூப்பிடுவேன். ஹாலின் குறுக்கே ஒரு பூப்போட்ட திரை. சமையலறையில் மட்டும் திரை இல்லை. காலை டீ அவர் பொறுப்பு, மாலை டீ என் பொறுப்பு.

ஒரு வியாழக்கிழமை, மறுநாளைக்கு மறுநாள் வீட்டைப் பார்க்க ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார் என்று கணவர் சொன்னார். உதவி நின்றால் நானும் கைக்குழந்தையும் குளச்சலுக்குத் திரும்ப வேண்டியதுதான். கணவர் கம்பெனி ஆட்கள் கூட்டமாகத் தங்கும் கேம்ப்புக்குப் போய்விடுவார்.

லாத்தா அசரவில்லை. "நீ ஏன் புள்ள பயப்படுறா? ஒரு காலப்பொழுதுதானே, நாங்க இல்லாமப் போயிர்றோம்" என்றார். சனிக்கிழமை விடிந்ததும் திரை, பாய், பெட்டி எல்லாம் மாடியில் அவர்களுக்குத் தெரிந்தவர் வீட்டுக்குப் போயின. துடைத்து வைத்த ஹாலைப் பார்த்தபோது, இவ்வளவு பெரிய வீடா நம்முடையது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆபீஸ்காரர் தமிழர். காலணியைக் கழற்றிவிட்டு, கையில் படிவத்தோடு உட்கார்ந்தார். டீ போடுகிறேன் என்று பெருமையாக உள்ளே போனேன். தேயிலை இல்லை. சீனி இல்லை. லாத்தா காலை டீ போட்ட கையோடு, இருவருக்கும் பொதுவான டப்பாக்களும் அவருடைய மூட்டையோடு மேலே போய்விட்டன. சொந்த வீட்டில் சீனி இல்லாத குடித்தனக்காரியாக நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் லாத்தா, கையில் இரண்டு டப்பாக்கள். வந்தவருக்கு டீ இல்லாமல் போகுமே என்ற நினைப்பு அவரை மாடியில் இருக்கவிடவில்லை.

"பக்கத்து வீடு. சீனி கேட்டியல்ல" என்று சத்தமாகச் சொன்னார். அதுவரை சரிதான். அடுத்த நிமிடம், வழக்கமான மூலையில் செருப்பை விட்டு, பார்க்காமலே கை நீட்டிச் சமையலறை விளக்கைப் போட்டு, மேல் தட்டிலிருந்து கண்ணாடித் தம்ளரை எடுத்து டீ போட ஆரம்பித்துவிட்டார். தம்ளரைத் தட்டில் கொண்டுவந்து வைத்து, "குடிங்க தம்பி, சீனி போதுமா?" என்றும் கேட்டார்.

ஆபீஸ்காரர் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "இவங்க யாரும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"யாருமில்ல சார். பக்கத்து வீடு" என்றேன். லாத்தா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் படிவத்தில் ஒரு குடும்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே, "அடுத்த தடவை சீனிய இங்கயே வச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

அன்று மாலையே பூப்போட்ட திரை ஹாலுக்குத் திரும்பியது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில் லாத்தா தம்ளரை என் கையில் கொடுத்தார்.

"யாருமில்லாதவ போட்ட தேத்தண்ணி. ஆறுறதுக்குள்ள குடி."

அந்த வீட்டை விடும்வரை, மூன்று வருடமும், தினமும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்.