ஆறாவது நாற்காலியின் நிறம்

மதாம் வீட்டுக்கான புது நாற்காலியை என் கணவர் செய்து முடித்த அன்று, எங்களுக்கு வழக்கமாகப் பாலிஷ் போட்டுத் தரும் அண்ணன் வரிச்சிக்குடியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். புது நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார். மாதிரிக்காக மதாம் வீட்டிலிருந்து வாங்கி வந்திருந்த பழைய நாற்காலியையும் தடவிப் பார்த்தார்.

"இது சேராதுங்க. அது அம்பது வருஷம் வெளிச்சமும் காத்தும் பட்டுக் கறுத்த தேக்கு. இது நேத்து அறுத்த தேக்கு. ஆறு நாற்காலியையும் சுரண்டி எடுத்துட்டு ஒரே மாதிரி கறுப்பா அடிச்சுடலாம். அதுக்குன்னா சொல்லுங்க, வர்றேன்."

அதற்கு மதாம் சம்மதிக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். காரைக்கால் டவுனில், மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவர். எழுபதைத் தாண்டிய வயது. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் தெருவே இவரை மதாம் என்றுதான் கூப்பிடுகிறது. கல்யாணத்துக்குச் செய்த ஆறு நாற்காலிகளில் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. பிரான்சிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள், ஞானஸ்நான விருந்து வீட்டில்தான். ஆர்டர் கொடுத்தபோதே மதாம் என் கணவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"அந்த அஞ்சு மேல யாரும் கை வைக்கக் கூடாது. புதுசு எதுன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சுதுன்னா, அத நீங்களே திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

பாலிஷ்கார அண்ணன் போனதும் என் கணவர் உளியைத் துடைத்து வைத்தார். "முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடறேன்," என்றார்.

"நான் செய்யறேங்க," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஐடிஐ படித்துத் தச்சு வேலைக்கு வந்தவர் அவர். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, பதினோரு வருஷமாகச் சமைத்துக்கொண்டும், அவர் செய்யும் சாமான்களுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டும் இருந்தவள். நிறம் பக்கம் போனதே இல்லை.

"நீயா?" என்றார். பிறகு மூலையைக் காட்டி, "சரி. துண்டுக் கட்டை நிறைய இருக்கு. அதுல பழகிக்க," என்றார்.

டவுனில் பெயிண்ட் கடைக்காரர் சாயப்பொடி டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு, "ஸ்பிரிட்ல கரையறதா, தண்ணியில கரையறதா?" என்று கேட்டார். தண்ணீர் பட்டால் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரப்பாகிவிடும் என்று தெரியும். ஸ்பிரிட் சீக்கிரம் காயும். அதையே வாங்கினேன்.

ஒரு துண்டுக் கட்டையில் பூசினேன். பெயிண்ட் அடித்தது போல ரேகையை மூடாமல், மரத்துக்குள்ளேயே இறங்கியது நிறம். காய்ந்ததும் பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் தம்பி போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை. அன்றைக்கே, கண்ணுக்குத் தெரியாத அடிப்பலகை தவிர, நாற்காலி முழுவதும் பூசிவிட்டேன்.

மறுநாள் மேல்பூச்சு. பழைய நாற்காலிகளுக்குப் போட்டிருந்தது அரக்கு பாலிஷ். ஆகவே அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, முதுகுப் பலகையில் தேய்க்க ஆரம்பித்தேன். மூன்றாவது இழுப்பில் துணி சிவந்தது. அடுத்த இழுப்பில் நிறம் துணியோடு வழித்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் வெளிறி, ஒரு பக்கம் திட்டுத் திட்டாக, குழந்தை தின்று துப்பிய வெற்றிலை மாதிரி இருந்தது பலகை. சரிசெய்கிறேன் என்று மேலும் தேய்த்ததில் இன்னும் கெட்டது.

என் கணவர் வந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மரத்துக்கு ஒண்ணும் ஆகல. சுரண்டி எடுத்துடலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கையெல்லாம் சிவப்பு. குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். அதற்கும் போகவில்லை. கடைசியில் ஸ்பிரிட்டை ஒரு துணியில் நனைத்துத் துடைத்தேன். ஒரே துடைப்பில் கை வெளுத்துவிட்டது. அந்தத் துணியைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயம் ஸ்பிரிட்டில் கரைவது. அரக்கும் ஸ்பிரிட்டில் கரைந்திருப்பது. மேலே பூசும்போது அந்த ஸ்பிரிட் கீழே இருக்கும் சாயத்தைத் திரும்பக் கரைக்காமல் என்ன செய்யும்? முதல் வருஷத்துப் பாடம். பரீட்சையில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். என் மேலேயே கோபம் வந்தது. கூடவே ஒரு தெம்பும் வந்தது. தோற்ற காரணம் தெரிந்துவிட்டதே.

திரும்பக் கடைக்குப் போய்த் தண்ணீரில் கரையும் பொடிகளை வாங்கினேன். பழுப்பு, சிவப்பு, கொஞ்சம் கறுப்பு. இந்த முறை அவசரப்படவில்லை. கட்டையை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்து, எழும்பிய நாரை மெல்லிய உப்புத்தாளால் நீவி எடுத்த பிறகே சாயம் பூசினேன். அப்படிச் செய்தால் இரண்டாவது தடவை நனையும்போது நார் அவ்வளவாக எழும்புவதில்லை. ஒவ்வொரு துண்டையும் கடைசிப் பூச்சு வரைக்கும் கொண்டுபோனேன். சாயம் காய்ந்ததும் நிறம் செத்துப்போய்ச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் கொஞ்சம் பூசினால் கெட்டோம். மேலே அரக்கு பட்ட பிறகுதான் உண்மையான நிறம் கண்ணுக்கு வரும். துண்டுகளின் பின்னால் பென்சிலால் எண் போட்டு, எந்தப் பொடி எத்தனை ஸ்பூன் என்று எழுதினேன். இருபத்திமூன்று துண்டுகள் சேர்ந்தன.

அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். பாலிஷ் போடப்போவது நான்தான் என்றதும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தார். ஜன்னலோரமாக நாற்காலி மேல் ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்த்தோம்.

"இது செவப்பு ஜாஸ்தி," என்றார். "இது காப்பிக் கசண்டு மாதிரி இருக்கு. இத எடு. இது பரவால்ல, ஆனா உயிரில்ல."

பதினேழாவது துண்டை வைத்தேன். துண்டை இன்னொரு நாற்காலிக்கு மாற்றி வைத்தார். ஜன்னல் கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"நீ என்ன படிச்சிருக்க?" என்றார்.

"கெமிஸ்ட்ரி, மதாம்."

"அதான்," என்றார்.

பழைய சாயத்தை ஸ்பிரிட்டால் கழுவி, சுரண்டி, தேய்த்து, மரத்தை வெறும் மரமாக்க நான்கு நாட்கள் ஆயின. பிறகு பதினேழாம் எண் சாயத்தைப் பூசினேன். ஒரு காலில் மட்டும், மரத்தின் வெளிப்பக்கத்திலிருந்து வந்த வெள்ளைப் பகுதி ஒரு கோடாக ஓடியது. அதற்குத் தனியாகச் சிறு தூரிகையால் இரண்டு தடவை கூடுதலாகக் கொடுத்தேன். நன்றாகக் காயவிட்டு அரக்கு போட ஆரம்பித்தேன். துணி சிவக்கவில்லை. ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஆழமானது.

ஐந்தாவது பூச்சு அன்று மழை பிடித்துக்கொண்டது. கடல் காற்றும் சேர, மறுநாள் காலையில் நாற்காலி முழுக்கப் பனி படிந்தது போல வெள்ளை பூத்திருந்தது. பாலிஷ்கார அண்ணனிடம் போனில் கேட்டேன்.

"ஈரம் உள்ள மாட்டிக்கிச்சும்மா. நல்லா வெயில் அடிக்கிற அன்னைக்கு, ஸ்பிரிட்ல லேசா நனைச்ச துணியால ஒரு இழுப்பு இழு, போயிடும். ஆனா சாயம் அடிச்சிருக்கியே. சாயமும் சேந்து வந்துடப்போவுது."

இரண்டு நாள் வெயிலுக்காகக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் பளிச்சென்று அடித்தது. துணியை நனைத்துப் பிழிந்தேன். கணவரும் இழைப்புளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். முதுகுப் பலகையில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. வெள்ளை மறைந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தேன். சாயம் ஒரு பொட்டுகூட இல்லை. அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வரலியே," என்றார்.

"வராதுங்க," என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு இருந்த நிமிர்வு, பட்டம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

கடைசியில் மெல்லிய இரும்புப் பஞ்சால் பளபளப்பைக் குறைத்து, மெழுகு தேய்த்து, பழைய நாற்காலிகளின் மங்கிய மினுக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

கொண்டுபோய் இறக்கியபோது மதாமைச் சமையலறையில் இருக்கச் சொன்னோம். ஆறையும் இடம் மாற்றி மாற்றி மேசையைச் சுற்றிப் போட்டோம். அவர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று வந்தார். குனிந்தார். ஒரு நாற்காலியின் தலையில் கை வைத்தார்.

"இதுதான்."

என் கணவர் அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பலகை ஐம்பது வருஷக் கறுப்பு. பழையது. மதாம் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொன்றைக் காட்டினார். அதுவும் பழையது.

"சரி, நீங்களே சொல்லுங்க," என்றார் என் கணவரிடம்.

அவர் நம்பிக்கையோடு ஒன்றைக் கவிழ்த்தார். பழையது. அறுத்து, இழைத்து, பொருத்திய மனுஷனே தடுமாறியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயம் படாத அடிப்பலகையைத் தேடி ஒவ்வொன்றாகக் கவிழ்த்ததில், நான்காவதாகத்தான் புதுசு அகப்பட்டது. மதாம் அதை நிமிர்த்திப் போட்டு, அதில் உட்கார்ந்து, கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாடியில ஒரு பீரோ இருக்கு. போறப்ப பாத்துட்டுப் போ," என்றார்.

ஞானஸ்நான விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் அவர் வைத்த போட்டி அதுதான்: "இதுல ஒண்ணு புதுசு. எதுன்னு சொல்லு பாப்போம்." ஆளுக்கொன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மதாம் என் பக்கம் கையைக் காட்டி, "இவ செஞ்சது," என்றார். நான் பிரியாணியை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பைக்கில், வயல் காற்றில் சத்தமாகச் சொன்னேன். "பட்டறைக்கு ஒரு போர்டு எழுதணுங்க. என் பேரும் இருக்கணும்."

"மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

"மேல."

அவர் தலையாட்டினார். அடுத்த வாரமே எழுதியாயிற்று.