இரவல் கேட்டு வந்த ராத்தா

யுத்தம் முடிந்து ஆறேழு வருடம் இருக்கும். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டியிருந்தோம். அந்த வருடம் வைகாசியில் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள், அவளும் கனடாவில்.

மார்கழி பிறந்தது. பள்ளிக்கூடம் லீவு. நான் படிப்பிக்கப் போகும் வேலையும் இல்லாமல் பகலெல்லாம் படுத்தே கிடந்தேன். நத்தார் கரோல் பாடுகிற சத்தம் கேட்டாலே யன்னலைச் சாத்துவேன். மகள் போன் எடுத்தால், "நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அப்போதுதான் அடுத்த வீட்டு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவ, வரத் தொடங்கினா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது வந்தவ. அதுவரை வேலிக்கு மேலால் ஒரு சிரிப்போடு சரி. முதல் நாள் தேங்காய் துருவுகிற துருவலையை இரவல் கேட்டா. அடுத்த நாள் காலையில் அதைத் தந்துவிட்டு, பின்னேரம் வந்து மா அரிக்கிற அரிதட்டு கேட்டா. பிறகு இடியப்ப உரல். இப்படியே மூன்று கிழமை. வாங்க ஒரு தரம், கொடுக்க ஒரு தரம். வந்தால் வாசலில் நிற்கமாட்டா, நேரே குசினிக்குப் போய்ச் சுற்றிப் பார்ப்பா. ஒருநாள் என் சோற்றுப் பானையின் மூடியையே தூக்கிப் பார்த்தா.

அவவின் தம்பி காணி புரோக்கர். வெளிநாட்டுக்காரர் தங்கும் லொட்ஜ் கட்டவென்று கடற்கரைக் காணிகளுக்கு ஆட்கள் அலைந்த நேரம் அது. தனியாக இருக்கிற பொம்பிளை, பிள்ளையும் தூரத்தில். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். "மகள் இந்த நத்தாருக்கு வரமாட்டாவா, டீச்சர்?" என்று ராத்தா கேட்டபோது, "மருமகனோட வாறா" என்று பொய் சொன்னேன்.

நத்தாருக்கு இரண்டு நாள் முன்னம் இடியப்ப உரல் திரும்பி வரவில்லை. மத்தியானம் நானே கேட்கப் போனேன். ராத்தா காய்ச்சலில் படுத்திருந்தா. "குசினில ஈக்கிது டீச்சர், எடுங்க" என்றா. உள்ளே என் உரல் கழுவித் துடைத்து மேசையில் இருந்தது. பக்கத்திலேயே அவவுடைய உரல், என்னுடையதைவிட நல்லது. சுவரில் அரிதட்டு இரண்டு. மூலையில் துருவலை.

கோபத்தோடு அவ படுத்திருந்த அறைக்குத் திரும்பி வந்தேன். "எல்லாம் இருக்கே ராத்தா. பிறகு என்னத்துக்கு என்னட்டை வந்தனீங்கள்? காணிக்கோ?"

"காணியா?" விளங்காமல் பார்த்தா. "சும்மா வந்து சொகமான்னு கேட்டா, ஓம் சொல்லிக் கதவச் சாத்துவீங்க. சாமான் கேட்டா உள்ள விடுவீங்க. பானைல சோறு ஈக்கிதான்னு பாத்துட்டுப் போவேன். முக்காவாசி நாள் இல்ல, டீச்சர்."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னா. "இங்க வந்து மொத பெருநாளுக்கு, முகாம் கொட்டில்ல நான் செவரப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். எல்லாருக்கும் அவங்கவங்க கவல. ஒருத்தரும் வந்து பாக்கல்ல."

அவவின் கட்டில் ஓரத்தில் இருந்து அழுதேன். செத்த வீட்டுக்குப் பிறகு இன்னொரு ஆளுக்கு முன்னால் அழுதது அன்றுதான். பிறகு கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, அவவோடு இருந்து நானும் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் எடுத்து, "நான் நல்லா இல்லைப் பிள்ளை" என்றேன். அவளும் அழுதாள். அன்று ஒரு மணித்தியாலம் அப்பாவைப் பற்றியே கதைத்தோம்.

நத்தார் நாட்கள் இன்னும் கனமாகத்தான் இருக்கின்றன. ஆனால் துக்கம் ஒரு ஆளுக்குச் சந்தேகமாகவும் வரும் என்று அன்றைக்கு என்னிடமே கண்டுகொண்டேன். அதனால் இப்போது யாரைப் பார்த்தாலும் எனக்குள் சந்தேகம் தலைதூக்கினால், முதலில் நான் சாப்பிட்டேனா, யாரோடாவது மனம் விட்டுக் கதைத்தேனா என்றுதான் யோசித்துப் பார்க்கிறேன்.