ஓர் எழுத்து மாறியிருக்கிறது

என் தாய்மாமா ரத்தினம் எதற்கும் அசராதவர். எண்பது வயதிலும் நீடாமங்கலத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய் உரம் வாங்கி வருகிற ஆள். அவர்தான் போன மாதம், ரத்தம் எடுக்க வந்த லேப் பெண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்!

ஏன்? சொல்கிறேன்.

என் தம்பி சேகர் சென்ற ஆண்டு மன்னார்குடியில் காலை ஷட்டில் ஆடும்போது சரிந்து விழுந்தான். நாற்பதுகூட ஆகவில்லை. சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை. ஆஸ்பத்திரியில் மறுநாள் போய்விட்டான். இதயத் தசை தடித்திருந்ததாம்.

தஞ்சாவூர் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இது பரம்பரையா வரக்கூடியதுங்க. உங்க வீட்ல ஓடுறது, ஆடுறதுன்னு யாராச்சும் இருக்காங்களா?"

இருக்கிறாள். என் மகள் நிவேதா. பிளஸ் ஒன். நானூறு மீட்டரில் மாவட்டத்துக்கே தெரிந்த கால்கள்.

அவளுக்கு இதயத்தை ஸ்கேனில் பார்க்கும் எக்கோ எடுத்தார்கள். "இப்போதைக்கு நல்லா இருக்கு. ஆனா கொஞ்ச நாள் ஓட வேணாம்" என்றார் டாக்டரம்மா. அந்த 'இப்போதைக்கு' இருக்கிறதே... அதை வைத்துக்கொண்டு எந்தத் தாய் தூங்குவாள்?

ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த சேகரின் ரத்தம், மரபணுவைப் படிக்க சென்னை லேபுக்குப் போனது. காத்திருந்தோம். நிவேதா மாடிப்படி ஏறினால் என் காது அவள் மூச்சில் இருக்கும். பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் போய்க் கதவைத் தட்டுவேன். "அம்மா... உயிரோடதான் இருக்கேன்!" என்று உள்ளிருந்து கத்துவாள்.

ரிப்போர்ட் வந்தது. இதயம் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது கெடுதலா, இல்லையா? 'உறுதியாகத் தெரியவில்லை.' எனக்கும் நிவேதாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் இருவரிடமும் அதே எழுத்து!

லேபுக்குப் போன் போட்டேன். டேட்டாவை ஆராய்கிற ஹபீப் என்ற இளைஞர் பேசினார். முத்துப்பேட்டைக்காரராம். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது.

"மெஷின் ரத்தத்துல இருக்கிறத துண்டு துண்டாதான் படிக்கும்க்கா. கம்ப்யூட்டர் அதைச் சேர்த்து, மத்தவங்க டேட்டாவோட ஒப்பிட்டுப் பார்க்கும். அந்த டேட்டாவுல நம்ம பக்கத்து ஆளுங்க ரொம்பக் கம்மி. அதான் இந்த எழுத்து நம்மகிட்ட சாதாரணமா, ஆபத்தான்னு சொல்ல முடியல. உங்க குடும்பத்துல வயசானவங்க, நல்லா நடமாடுறவங்க யாராவது இருக்காங்களா?"

அப்பா, அம்மா இல்லை. அம்மாவின் அண்ணன் ரத்தினம் மாமா மட்டும்தான்.

இப்போது கதவு சாத்திய கதைக்கு வருவோம். உள்ளிருந்தே மாமா பேசினார். "எண்பது வருஷமா ஓடுற வண்டிம்மா. இப்பப் பிரிச்சுப் பார்த்து எனக்கும் இருக்குன்னு சொன்னா, நாளைக்கு நான் சைக்கிள்ல ஏறுவனா?"

அவருடைய பயமும் நியாயம்தானே? திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். நிவேதா கதவருகே போய் நின்றாள்.

"தாத்தா, உங்களுக்கு அது இருந்தும் நீங்க நல்லா இருந்தீங்கன்னாதான் எனக்கு நல்லதாம்."

பிறகு தாழ்ப்பாள் விலகியது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். தஞ்சாவூருக்கு வந்து எக்கோவும் எடுத்துக்கொண்டார்.

சென்ற வாரம் ஹபீப் கூப்பிட்டார். மாமாவிடமும் அதே எழுத்து! இதயமோ கெட்டியாக இருக்கிறது. "சந்தேகம் குறைஞ்சிருக்குக்கா. ஆனா முழுசா விடுதலைன்னு சொல்லமாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கேட்டேன் - "அப்ப என் தம்பி ஏன் செத்தான்?"

"அது இன்னும் நமக்குத் தெரியலக்கா. டேட்டா பத்திரமா இருக்கு. புதுசா ஏதாவது தெரிய வந்தா மறுபடி பார்ப்போம்."

அப்போதுதான் உறைத்தது. நல்ல செய்தியின் முதுகிலேயே பெரிய பயம் உட்கார்ந்திருக்கிறது. பிடித்து வைத்தவன் குற்றவாளி இல்லையென்றால்... உண்மையான குற்றவாளி வெளியே திரிகிறான் என்றுதானே அர்த்தம்? ஒருவேளை, எங்கள் ரத்தத்திலேயே!

அதற்காகப் பெண்ணை வீட்டில் பூட்டி வைக்க முடியுமா? எக்கோ வருடா வருடம் எடுக்க வேண்டும், மயக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று சொல்லி, டாக்டரம்மா ஓட அனுமதித்துவிட்டார். நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்வது எப்படியென்று நானும் பள்ளியின் பி.டி. மிஸ்ஸும் கற்றுக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நிவேதா ஓடினாள். மூன்றாவதாகத்தான் வந்தாள். "டச் விட்டுப்போச்சும்மா" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

ஓட்டம் அவளுடையது. மூச்சிரைப்பு என்னுடையது!