நெற்றியில் எரிந்த மருந்து

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் கை கால் வெட்டுப்பட்டால் முதலில் காப்பித்தூள், அப்புறம் எரிகிற மருந்து, கடைசியாகத்தான் நர்ஸம்மா. எஸ்டேட் டிஸ்பென்சரியில் அந்தக் கடைசி இடத்தில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான்.

1. கட்டைவிரல்

மேஸ்திரி செல்லமுத்து, காப்பிச் செடியில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி வலது கட்டைவிரலில் பாய்ந்த ஐந்தாம் நாள்தான் வந்தார். ரத்தம் நிற்கக் காப்பித்தூள் அமுக்கியிருக்கிறார். பிறகு பாட்டிலில் வரும் கிருமிநாசினி லோஷனைத் தண்ணீர் கலக்காமல் தினமும் ஊற்றியிருக்கிறார். காயத்தின் ஓரம் வெந்து வெளுத்து, விரல் வீங்கிச் சீழ் கோத்திருந்தது. டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று நாளில் அடங்காவிட்டால் சேலத்தில் ஆபரேஷன் என்றார். கட்டைவிரல் போனால் அவர் கத்தி பிடிக்க முடியாது.

குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுற்றிலும் சோப்புப் போட்டு, பொவிடோன் அயோடின் லேசாகத் தடவிக் கட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை.

"ஏனுங்க சிஸ்டர், இது எரியவே இல்லீங்களே. எரியாத மருந்து என்னத்துக்கு ஆவுமுங்க?"

மறுநாள் கட்டைப் பிரித்தால் லோஷன் வாசம் மூக்கைத் துளைத்தது. மனுஷன் வீட்டில் மறுபடி ஊற்றியிருக்கிறார். திட்டித் தீர்த்தேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றார்.

எனக்குக் குறும்பு தலைக்கேறியது. இந்த மருந்துக்கு எரிச்சல் நெற்றியில்தான் வரும் என்று சொல்லி, தலைவலித் தைலத்தை எடுத்து அவர் நெற்றியில் அழுத்தித் தேய்த்தேன். கண்ணில் பொலபொலவென்று நீர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இப்பத்தானுங்க வேலை செய்யுது."

அதற்கப்புறம் லோஷனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. கொஞ்ச நாளில் கத்தியும் பிடித்தார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

2. பாதம்

அடுத்த மாதம் செல்லமுத்து தன் மனைவி பொன்னாயியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மண்வெட்டி பட்டுப் பாதத்தில் வெட்டு. காயத்தில் காப்பித்தூள் அப்படியே அப்பியிருந்தது. நெற்றி முழுக்கத் தைலம். அந்த அம்மாவுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"கழுவினீங்களா?" என்றேன்.

"எதுக்குங்க? நெத்தியில நொம்ப நல்லா எரியுதுங்க" என்றார் மேஸ்திரி பெருமையாக.

எனக்கு வெட்கமாகிவிட்டது. விரலை ஆற்றியது தண்ணீரும் மாத்திரையும்தான், தைலம் நான் சொன்ன பொய் என்று ஒத்துக்கொண்டேன். எரிச்சல் என்றால் தோல் வேகிறது என்று அர்த்தம், வேறொன்றுமில்லை என்றும் சொன்னேன். மேஸ்திரி ஆறிப்போன தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொய்யின்னாலும் நல்ல மருந்துங்க அது."

பொன்னாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மேஜையிலிருந்த தைலத்தைத் திறந்து, புருஷன் நெற்றியில் ஒரு விரல் தாராளமாக அப்பினார். அப்புறம் குழாயடியில் காலை நீட்டினார்.

"இப்பக் கழுவுங்க."

மேஸ்திரி அழுதுகொண்டே பத்து நிமிஷம் கழுவினார். காயம் பளிச்சென்று சுத்தமானது. ஊசி போட்டுக் கட்டினேன்.

அன்றே தைலத்தை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் பூட்டினேன். அந்த இடத்தில் சோப்பை வைத்தேன்.