சாயிரா தைத்த மூன்று பாய்கள்

சொர்ணம்மாளுக்கு ஐம்பத்துநாலு வயது. தாராவியில் ஒரு ரெடிமேட் பட்டறையில், சட்டைகளில் தொங்கும் பிசிறு நூல்களைக் கத்தரித்தே இருபது வருஷம் கழிந்தது. அந்தப் பட்டறை பிவண்டிக்கு இடம் மாறியதும் கணேசபாண்டியனின் கப்பல் பட்டறையில் சேர்ந்தாள். கப்பல் என்றால் மேசைமேல் வைக்கிற கப்பல். கம்பெனிக்காரர்கள் பரிசு கொடுக்க வாங்குவார்கள். ஹோட்டல்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வாங்குவார்கள். கீழே ஆண்கள் மரம் இழைப்பார்கள். இரும்பு ஏணி ஏறிப் போனால் தகரக் கூரைக்கு அடியில் ஒரு நீள மேசை. அதன் ஒரு பக்கம் சொர்ணம்மாள் கயிறு கட்டுவாள். எதிர்ப்பக்கம் சாயிரா கப்பல்களுக்குப் பாய் தைப்பாள்.

சாயிரா மேலப்பாளையத்துப் பெண், சொர்ணம்மாளைவிட ஏழு வயது இளையவள். கோவண்டியில் வீடு. கணவர் நாகூர் மீரானுக்கு அங்கேயே பை ரிப்பேர் கடை. ஒரே மகள் சாயிமா, ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். பதினோரு வருஷம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவில் இருப்பதை மாற்றிச் சாப்பிட்டார்கள். ரமலான் மாதத்தில் சாயிராவுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக்கூட மனசு வராமல் சொர்ணம்மாள் கீழே இறங்கிப் போவாள்.

மெல்லிய மல் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்குவது சாயிராவின் முதல் வேலை. நிஜக் கப்பலின் பாய் பல பட்டைகளைச் சேர்த்துத் தைத்ததல்லவா? அது தெரிவதற்காகத் துணியில் விரல் அகலத்துக்கு ஒன்றாகப் பென்சில் கோடு போட்டு, கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டுவாள். சுற்று ஓரத்தில் ஒரு நூல் கயிற்றை வைத்துக் கையால் தைப்பாள். கடைசியில் கோந்து கரைத்த தண்ணீரில் நனைத்து, ஒரு பிளாஸ்டிக் பந்தின்மேல் போர்த்திக் காயவைப்பாள். எடுக்கும்போது காற்றடித்த மாதிரி வயிறு தள்ளி நிற்கும். அதை வாங்கி, மெழுகு தேய்த்த நூலால் குறுக்குக் கழியில் கட்டி, கழியைப் பாய்மரத்தில் ஏற்றுவது சொர்ணம்மாள். பாய் கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கத்துக் கயிறு தொய்ந்துவிடும். சாயிராவின் வேலை சரியாக இருந்தால்தான் சொர்ணம்மாளின் வேலை நிற்கும்.

போன வருஷம் ஜூன் மாதம் கோவாவில் ஒரு ஹோட்டலுக்காக நாலடி நீளக் கப்பல் ஆர்டர் வந்தது. மூன்று பாய்மரம், இருபத்திரண்டு பாய். பத்துப் பாய் ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் தைத்த மூன்றில் தையல் கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தது. சாயிரா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பந்தில் போர்த்திவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

மெஷின் தையலைப் பிரித்தால் மல் துணியில் ஊசித் துளை அப்படியே நிற்கும். சொர்ணம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மழையில் கோவண்டி ரயில் தாமதம். சாயிரா வந்து சேர்வதற்குள் சொர்ணம்மாள் புதுத் துணி வெட்டி மூன்று பாயையும் தானே தைத்துப் பந்தில் போட்டாள். கோணல் பாய்களைக் கந்தல் பைக்குள் திணித்தாள். நல்லதுதான் செய்கிறோம் என்று நினைத்தாள்.

அன்று மத்தியானம் பாயைப் பந்திலிருந்து எடுத்த சாயிரா விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இதை யாரு தச்சா?"

"யாரு தைப்பா? நீதான்."

"என் தையல் எனக்குத் தெரியாதா? நான் தச்சத மாத்திட்டியளா?"

"கொஞ்சம் கோணியிருந்துச்சுளா. கணேசபாண்டியன் பாத்தா சத்தம் போடுவாருன்னுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. எதுத்தாப்புலதான இருக்கேன்."

அதோடு விட்டிருக்கலாம். சொர்ணம்மாளுக்கும் கோபம் வந்துவிட்டது. "சொன்னா மட்டும் என்ன? நானும் ஒரு வாரமாப் பாக்கேன், உனக்கு வேலையில கவனமே இல்ல."

சாயிரா கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். "கவனமில்லாதவ எதுக்கு? நீங்களே தைங்க." ஏணிக் கம்பியை ஒரு தடவை பிடிக்கத் தவறி, மறுபடி பிடித்து மெதுவாக இறங்கினாள். கோபத்தில் கை தடுமாறுகிறது என்றுதான் சொர்ணம்மாள் நினைத்தாள்.

சாயிரா அப்புறம் வரவில்லை. சொர்ணம்மாள் இரண்டு தடவை போன் போட்டாள், எடுக்கவில்லை. கணேசபாண்டியன் கேட்டபோது, "உடம்பு சரியில்லையாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். நாலாவது நாள் அந்த மூன்று பாயையும் கந்தல் பையில் தேடினாள். கீழே ஆண்கள் அவற்றால் வார்னிஷ் துடைத்துத் தூர எறிந்துவிட்டிருந்தார்கள். மீதி ஒன்பது பாயையும் அவளே தைத்தாள். ஆகஸ்டில் கப்பல் மரப்பெட்டிக்குள் ஏறிப் போயிற்று. அவளாகக் கூப்பிடட்டும் என்று இவள் இருந்துவிட்டாள். கோவண்டி ஒன்றும் தூரமில்லை.

செப்டம்பரில் சாயிமா கூப்பிட்டாள். "பெரிம்மா, உம்மாவுக்கு மூளையில கட்டி. ஆபரேஷன் ஆயிடுச்சு. ஆனா டாக்டர் ஜாஸ்தி நாள் சொல்லல. உங்களப் பாக்கணுங்கறாங்க."

சொர்ணம்மாள் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். சாயிமா கோவண்டி ஸ்டேஷனில் நின்றிருந்தாள். நடந்துகொண்டே சொன்னாள். "மே மாசத்துலேருந்தே எல்லாம் டபுளாத் தெரிஞ்சிருக்கு பெரிம்மா. வேலை போயிடும்னு யாருகிட்டயும் சொல்லல. பாயில ஒரு கோடு போட்டா ரெண்டு கோடு தெரியுமாம். எது அஸ்லி, எது பொய்யின்னு தெரியாம நடுவுல தச்சேன்னு இப்பத்தான் சொல்றாங்க."

சொர்ணம்மாள் ஒரு கடை ஓரத்தில் நின்றுவிட்டாள். சாயிமா அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

சாயிரா கட்டிலில் கிடந்தாள். தலையை மழித்து வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வலது கை அசையவில்லை. நாகூர் மீரான் எழுந்து ஸ்டூலைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

"கப்பல் போயிட்டாக்கா?"

"போயிட்டுளா."

"நான் தச்ச பாயி?"

"அதையேதான் ஏத்துனேன். மூணும் நீ தச்சதுதான்."

சாயிரா அவளையே பார்த்தாள். "பொய் சொல்லாதீங்கக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அதெல்லாம் கோணல். கப்பல்ல ஏத்த முடியாது."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் சொர்ணம்மாள் வந்திருந்தாள். அதற்குப் பதில் போர்வையை இழுத்துச் சாயிராவின் காலை மூடிவிட்டு, அவள் தூங்கும்வரை காலைப் பிடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம் என்று ரயில் ஏறினாள். சாயிரா வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதற்குச் சொர்ணம்மாளையும் கூப்பிட்டிருந்தார்கள். அடுக்களையில் தனியாகக் கிடைத்த சாயிமாவிடம் கந்தல் பை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சாயிமா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"உங்க மேல கோவம் இருந்துச்சு பெரிம்மா. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதிருக்காங்க. ஆனா ஆபரேஷனுக்கு அப்பறம் யாரக் கூப்பிடணும்னு வாப்பா கேட்டப்ப, உங்க பேர் ஒண்ணுதான் சொன்னாங்க."

சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போனபிறகும் சொர்ணம்மாள் கிளம்பவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் குழாயடியில் உட்கார்ந்து, பிரியாணி செய்த பெரிய பாத்திரத்தைத் தேய்த்தாள். சாயிமா இரண்டு தடவை வந்து தடுத்துப் பார்த்தாள். நாகூர் மீரான்தான், "விடும்மா, தேய்க்கட்டும்" என்றார்.