புளியிட்டுக் கழுவிய கலயம்

தாழிக்குள் வைக்கப்பட்டவர்கள் இறந்தவர்கள் அல்லர் என்றே எங்கள் வீட்டில் நம்பினார்கள். வயது ஏற ஏற உடல் சுருங்கி, சாகவும் முடியாமல் கிடந்த முதியோரை ஒரு பெரிய மண்பானையில் உட்கார வைத்து, சிறு கலயத்தில் சோறும் வைத்து மூடிப் புதைத்துவிடுவார்களாம். வாழ்ந்து முடிக்காத அவர்கள், தாழி திறக்கப்பட்டால் பிறக்கவிருக்கும் பிள்ளையின் ஆயுளைக் கேட்பார்கள் என்பது அம்மாவின் அச்சம். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். எனக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை.

அப்பா அந்த நம்பிக்கையைப் பார்த்துச் சிரிப்பார். அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு மேட்டு நிலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். கிடைத்த பொருள்களுக்குப் படம் வரைவதும், துரையின் ஆங்கிலத்தைக் கூலியாட்களுக்குத் தமிழில் சொல்வதும் அப்பாவின் வேலை. சில கலயங்களை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து வரைவார். அம்மா வாசலை மறித்து நின்று, தீட்டுப்பட்ட பாத்திரத்தைப் போல அவற்றைப் புளியிட்டுத் தேய்த்த பிறகே உள்ளே விடுவாள். ஒரு நாள் அவளுக்குக் கால்கள் வீங்கி, எழுந்திருக்க முடியவில்லை. பள்ளி விடுமுறையாதலால் என்னை அப்பாவோடு அனுப்பினாள். “எதுவும் அப்படியே வீட்டுக்கு வரக் கூடாது, நீ பாத்துக்கோ” என்றாள். எனக்குப் பதினொரு வயது.

குழி ஓர் ஆள் ஆழம் இருந்தது. செம்மண்ணுக்குள் தாழியின் விளிம்பு தெரிந்ததும் மண்வெட்டிகளை மேலே எறிந்துவிட்டு, ஆட்கள் சிறு கத்தியாலும் பனைநார்த் தூரிகையாலும் சுரண்டத் தொடங்கினார்கள்.

“மெல்லடா மாப்ள. உள்ள இருக்க கெழவன் முழிச்சுக்கிட்டு வெத்தலை கேக்கப் போறான்.”

“கேட்டா ஒன்னையத்தேன் காட்டுவேன். நீதான மாமா வாயில அம்புட்டு வெத்தலைய அடக்கி வச்சிருக்க.”

கூடையில் மண் சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். கண்மாய் இரண்டு ஆண்டுகளாக வறண்டு கிடப்பதாகவும், இந்த மண்ணைச் சுமந்தால்தான் தன் வீட்டில் உலை கொதிக்கும் என்றும் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

உச்சிப்பொழுதில் தாழியிலிருந்து ஒரு கறுப்புக் கலயத்தை எடுத்து நிழலில் வைத்தார்கள். “இதை இன்றைக்கே வரைந்துவிடலாம், வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்” என்று அப்பா துரையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு இருவரும் கூடாரத்துக்குச் சாப்பிடப் போனார்கள். நான் கூடைக்காரப் பெண்ணிடம் கொஞ்சம் புளி கேட்டேன்.

“எதுக்கு பாப்பா?”

“சட்டி விளக்கணும். வீட்டுக்கு வருது.”

தாழியைப் பற்றிய அந்த அச்சம் அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; கூடையை இறக்கி வைத்தாள். “அம்மா உண்டாயிருக்காகளோ?” என்றாள். தலையசைத்தேன். தன் கஞ்சிக்கென்று முடிந்து வைத்திருந்த புளியை அவிழ்த்துத் தந்தாள். “அப்ப இம்புட்டும் வச்சு நல்லாத் தேயி. நான் தண்ணி ஊத்துறேன்.”

கலயத்துக்குள் மண் இறுகியிருந்தது. விரலால் குடைந்து வெளியே கொட்டினேன். உமி போன்ற ஏதோ தண்ணீரோடு ஓடிச் செம்மண்ணில் மறைந்தது. கலயம் பளபளத்தது. அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணினேன்.

திரும்பி வந்த துரை கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அப்பா தமிழில் சொன்னார்: “இதுபோலச் சட்டி நூறு கெடக்காம். உள்ள இருந்த மண்ணுதான் வேணுமாம். அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னு அதுலதான் தெரியுமாம். யாரு கழுவுனது?”

கூலியாட்களின் மேஸ்திரி அந்தப் பெண்ணின் ஈரக் கையைப் பார்த்துவிட்டார். “ஏ புள்ள, ஒன் வீட்டுச் சட்டின்னு நெனச்சியா?”

அவள் ஒரே ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். வாயைத் திறந்தால் அப்பாவின் வேலை போய்விடும் என்று பயந்ததாகப் பிற்காலத்தில் நான் எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு. உண்மையில் நான் எதையும் எண்ணவில்லை. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நாந்தேன் எசமான். அழுக்கா இருந்துச்சு, கழுவிப்புட்டேன்.”

நாளை முதல் வர வேண்டாம் என்ற துரையின் சொல்லையும் அப்பாதான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தரையைப் பார்த்துச் சொன்னார். “சரிங்கய்யா, வாரேன்” என்று கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் நடந்தாள்.

திரும்பும்போது மாட்டுவண்டியில் அப்பா புளி மணத்த என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதை விடாமலே வைத்துக்கொண்டார்.

“நாளைக்குத் தொரைகிட்டச் சொல்லிரலாமாப்பா?”

“மொதல்ல பிள்ளை பொறக்கட்டும்” என்றார். அத்தனை நாள் சிரித்தவர் அப்படிச் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண். அதற்குள் துரை குழிகளை மூடிவிட்டு வேறு ஜில்லாவுக்குப் போயிருந்தார். அந்தப் பெண்ணின் ஊர் எது என்று நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. அப்பா ஒருமுறை அந்தப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்தார் என்று நினைக்கிறேன்; என்னிடம் சொல்லவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நானும், அன்று அம்மாவின் வயிற்றில் இருந்த என் தங்கையும் இருக்கிறோம்.